ஒன்பதாவது புடவையும் ஒரு நிமிஷமும்

பட்டுப்புடவை மூட்டையோடு வீடு வீடாக ஏறி இறங்கும் என் இனத்துக்குத் தெரியும்: இந்தத் தொழிலில் கால் வலியைச் சொல்லலாம், தொண்டை வலியைச் சொல்லலாம், அடிவயிற்று வலியை மட்டும் சொல்ல முடியாது. நானும் எட்டு மாதம் சொல்லவில்லை.

பார்க்கிற வாடிக்கை

முசரவாக்கம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்து நர்ஸம்மா என் வாடிக்கை. புடவை பார்க்கிற வாடிக்கை. வாங்குகிற வாடிக்கை அல்ல. அன்றைக்கு நிலையத்துத் திண்ணையில் ஒன்பதாவது புடவையையும் பிரிக்கச் சொன்னார். கோபத்தில் விருட்டென்று எழுந்தவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்துவிட்டது: வெள்ளைப்படுதல், நாற்றம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகள். உள்ளே வந்து படுங்கள் என்றார். ஒரு புடவை வாங்கினால் வருகிறேன் என்றேன்.

"ஒரு இழை அறுந்திருந்தாக்கூட வெளிச்சத்துல புடிச்சிப் பாக்குறீங்க. உங்களை எப்பக்கா பாத்துப்பீங்க?"

ஆடித் தள்ளுபடி

புற்றுக்கு அறிகுறி உண்டா என்று பார்க்க, கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒன்றைத் தடவி ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். நாம் ஜரிகையை உரசிப் பார்ப்பது போலத்தான். நல்ல இடம் அப்படியே இருக்கும், சந்தேகமான இடம் வெளுக்கும். எனக்கு ஒரு ஓரம் வெளுத்தது.

ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் பார்த்துவிடலாம் என்றபோது, என்னை என்ன மாதிரிப் பொம்பளை என்று நினைத்தீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அந்தக் கிருமி இருந்தால் இந்தப் புற்று சீக்கிரம் பிடிக்கும், அதனால் எல்லோரையும் கேட்பதுதான் என்றார். கையை நீட்டினேன். நல்லவேளை, அது இல்லை. ஆனால் வெள்ளைப்படுதலுக்குக் காரணம் ஒரு தொற்று, அது போக இந்த வெளுப்பு. ஒன்றுக்கு வந்தவள் தலையில் இரண்டைக் கட்டுகிறீர்களே, ஆடித் தள்ளுபடியா என்றேன்.

"வெளுத்ததெல்லாம் புத்து இல்லக்கா. அப்படியே வுட்டா ஆனாலும் ஆவும்."

கோர்வை

தொற்றுக்கு வீட்டுக்காரரும் மாத்திரை போட வேண்டுமாம். இல்லாவிட்டால் எனக்குத் திரும்ப வருமாம். தறியில் உட்கார்ந்திருந்தவர், தனக்கு ஒன்றுமில்லையே என்றார். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவையை ஒத்தை ஆளாக நெய்துவிட முடியுமா, அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டாமா என்று ஆரம்பித்தேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

"குடுடி மாத்திரைய. பக்கத்து ஊரு கூரம் வரைக்கும் கேக்குது."

நாலு பேர்

நர்ஸம்மா எழுதிக் கொடுத்த பெரிய ஆஸ்பத்திரியில், வெளுத்த இடத்துச் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கேட்ட விலைக்கே புடவையைக் கொடுத்தேன், வாடிக்கைக்காரிகளே பயந்துபோனார்கள். புற்றுக்கு முந்தின நிலை என்று வந்தது. சூட்டுக்கருவியால் அந்த இடத்தைப் பொசுக்கி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொன்ன தேதிக்குப் போய்க் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாவது புடவையைச் சும்மாவே கொடுக்க எடுத்துப்போனேன். நர்ஸம்மா தொட்டுப் பார்த்தார், முந்தானையைப் பிரித்தும் பார்த்தார், மடித்து என் மூட்டையிலேயே வைத்துவிட்டார்.

"புடவை வேணாக்கா. நீங்க ஏறி எறங்குற வீடுங்கள்லருந்து நாலு பேரை இட்டுக்கினு வாங்க, போதும்."

தொழிலுக்கு வந்த நாளாய் எதிராளி கேட்டதற்கு மேல் நானே ஏற்றிக் கொடுத்த பேரம் அது ஒன்றுதான்: நாலை ஏழாக்கிவிட்டுத்தான் எழுந்தேன்.