கேபின் ஓரத்து மோட்டார் பெட்டி

பெருந்துறை பார்சல் குடோனில் லாரியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் ஒரு அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க டிரைவரண்ணா, மோட்டாரு வந்துருச்சுங்களா?"

"ஏத்தியிருந்தா வந்திருக்கும் அம்மணி. கதவைத் தொறக்கட்டும்."

அவர் பெயர் சரஸ்வதி. காஞ்சிக்கோயில் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். அவருடைய போர்வெல் மோட்டார் முந்தின நாள் புகைந்துபோய்விட்டது. ஆழமான போர் என்பதால் அதற்கேற்ற மோட்டார் பக்கத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் சொல்லிப் பார்சலில் போடச் செய்திருக்கிறார். சித்திரை வெயில். டேங்கரில் வாங்கிய தண்ணீர் மத்தியானம் வரைதான் தாங்கும். அதற்குமேல் ஷெட்டில் தண்ணீர் தெளிக்காவிட்டால், பிடித்து விற்கிற பருவத்தில் இருக்கும் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சாயும். போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்குகிற ஆட்கள் இரண்டு பேரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

பெருந்துறைச் சரக்கு முழுவதும் இறங்கிவிட்டது. மோட்டார் மட்டும் வரவில்லை.

குடோன் மேனேஜர் ராஜ்குமார் நல்ல பையன்தான், ஆனால் அவசரக்காரன். "ஏத்தாம உட்டுட்டாங்க போல இருக்குதுங்க. நாளைக்கு வண்டியில வந்துருமுங்க," என்றார்.

அந்த அம்மா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏத்தலைன்னு யாரு சொன்னா? என்ற வண்டியிலதான் இருக்குது. கேபின் ஓரம், இடது பக்கம், தரையில."

எனக்கு எப்படித் தெரியும்?

முழு லோடு ஓட்டுகிறவர்கள் எங்களைக் கிண்டல் செய்வார்கள். "நாச்சிமுத்து, உன்றது வண்டியா, சந்தைக்கடையா?" என்பார்கள். சந்தைக்கடைதான். திருப்பூர் பனியன் பண்டல், கோயம்புத்தூர் கிரைண்டர், ஃபேக்டரிக்குப் போகிற இரும்பு வார்ப்பு, பள்ளிக்கூடத்துச் சீருடை, யாரோ மகளுக்கு அனுப்புகிற சீர்ப் பாத்திரம் எல்லாம் ஒரே வண்டியில் கிடக்கும். "நீங்க ஒரு மொதலாளிக்கு ஓட்டறீங்க, நான் ஊருக்கே ஓட்டறேன்," என்று நானும் பதில் கொடுப்பேன்.

இப்படிக் கலந்துகட்டி ஏற்றுவதற்கு இரண்டு விதி உண்டு. முதலில் இறங்க வேண்டிய சரக்கு கடைசியாக ஏறி, கதவோரம் இருக்க வேண்டும். கனமான இரும்பு தரையில், கேபின் ஓரம் போக வேண்டும். முதலில் இறங்க வேண்டிய சரக்கே கனமான இரும்பாக இருந்தால் இரண்டு விதியும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அன்றைக்கு அதுதான் நடந்தது. வருஷப்பிறப்பான சித்திரைக்கனிக்கு லோடுமேன்கள் லீவு போட்டதால், சாயங்காலம் கிளம்ப வேண்டிய வண்டி மறுநாள் காலையில்தான் கிளம்பியது. அந்த அவசரத்தில் பெருந்துறை மோட்டாரை, கடைசியில் இறங்குகிற ஓசூர் வார்ப்போடு சேர்த்து முன்னால் தள்ளிவிட்டார்கள்.

கதவை மூடுவதற்கு முன்னால், "தரையில என்ன கெடக்குதுங்க மேஸ்திரி?" என்று நான் எப்போதும் கேட்பேன். லோடு ஏற்றும் மேஸ்திரி சலித்துக்கொண்டே கதவிலிருந்து கேபின் வரை ஒப்பிப்பார். அன்றைக்கு அவர் கடைசியாகச் சொன்னது, "இடது பக்கம் ஒரு நீளப் பெட்டி, மோட்டாரு." ஊர்ப் பெயர் சொல்லவில்லை. கேபின் ஓரத்து இரும்பு என்றால் ஓசூர்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கம்.

சந்து வெட்டியது

"இருந்தாலும் அதை எடுக்க முழு வண்டியும் எறக்கோணுமுங்கண்ணா," என்றார் ராஜ்குமார். "ஓசூர்ல வார்ப்புக்காக மெஷினை நிறுத்திப்போட்டு உக்காந்திருக்காங்களாமா. லேட்டானா உங்களைத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அங்கே மெஷின் நிற்கிறது, இங்கே கோழி நிற்கிறது.

"முழுசும் எறக்க வேண்டாம் தம்பி. இடது பக்கமா மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு சந்து வெட்டலாம். ஒரு ஆள் நொழையற அளவு இருந்தாப் போதும்."

லோடுமேன்கள் பனியன் பண்டல்களை உருவ ஆரம்பித்தார்கள். மோட்டார் இறக்க வந்தவர்களும் கை கொடுத்தார்கள். சரஸ்வதியம்மா யார் சொல்லியும் கேட்காமல் பண்டலைத் தலையில் வாங்கி வாங்கி ஓரமாக அடுக்கினார். சந்து ஆயிற்று. கயிற்றை எடுத்துக்கொண்டு நானே நுழையப் போனேன்.

"அண்ணா, உங்க வயிறு இதுல போகாதுங்க," என்றான் ஒரு லோடுமேன்.

"வயிறு முன்னால போகும், நான் பின்னாலயே போயிக்கறேன். நீ கிரைண்டரைப் புடி."

சிரிப்புக்கு நடுவில் எனக்குப் பயமும் இருந்தது. ஒரு பக்கம் கிரைண்டர் பெட்டிகள் சுவர் மாதிரி நின்றன. பாதி வழியில் அதில் ஒன்று அசைந்தது. முதுகைக் கொடுத்து நிறுத்திக்கொண்டு, மோட்டார் பெட்டியில் கயிற்றைக் கட்டிக் குரல் கொடுத்தேன். வெளியே எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். பெட்டி தரையில் உரசிக்கொண்டே வெளிச்சத்துக்கு வந்தது.

"இதேதானுங்க!" என்று கத்திய அந்த அம்மா, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். பெட்டியை மினி வேனில் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார்.

உருவிய பண்டல்களை இறுக்கமாக அடுக்கிய பிறகுதான் நான் கிளம்பினேன். லூசாக விட்டால் தொப்பூர் ஏற்றத்தில் அத்தனையும் சரிந்துவிடும். போன நேரத்தை வேகத்தில் பிடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சாப்பாட்டுக்கு நிற்கவில்லை, அவ்வளவுதான். வழியெல்லாம் சரஸ்வதியம்மாவிடமிருந்து போன் வரவில்லை. என்ன ஆயிற்றோ என்று பயந்து நானும் போடவில்லை.

ஓசூர்

ஓசூர் குடோன் இன்சார்ஜ் வாசலிலேயே நின்றிருந்தார். வார்ப்பை ஏற்றிப் போக ஃபேக்டரி வண்டியும் காத்திருந்தது. வார்ப்பு இறங்கும்போதே எனக்கு அர்ச்சனை ஆரம்பமாகிவிட்டது.

"என்னய்யா, வழியில தூங்கிட்டியா? ஷிஃப்ட் போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

அப்போதுதான் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"டிரைவரண்ணா, ஒண்ணும் பேசாதீங்க. கேளுங்க."

போனை ஷெட் பக்கம் நீட்டியிருப்பார் போல. கூரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கு அடியில் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே இரைச்சல் போட்டன. பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது. "கொஞ்சம் கோழி செத்துப்போயிருச்சுங்கண்ணா. மிச்சமெல்லாம் எந்திரிச்சுத் தண்ணி குடிக்குதுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"என்னய்யா சத்தம் அது?" என்றார் இன்சார்ஜ்.

"லேட்டானதுக்குக் காரணமுங்க சார்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று அந்த இரைச்சலைக் கேட்டார். பிறகு, "போயி மொதல்ல சாப்பிடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புதிதாகப் பார்சல் லாரி லைனுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கதவை மூடுவதற்கு முன்னால் தரையில் என்ன கிடக்கிறது என்று கேளுங்கள், அது எந்த ஊருக்கு என்றும் சேர்த்துக் கேளுங்கள். மேஸ்திரி சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். தன் வண்டியில் எந்தப் பெட்டி எங்கே கிடக்கிறது என்று தெரியாதவனும் ஸ்டியரிங் பிடிக்கலாம்; லைன் டிரைவர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது.