படகில் எழுதிய பெயர்

அந்த அம்மா நாவல் எழுதுகிறவங்க. நரைத்த தலை, தடித்த கண்ணாடி. பேசுமுன் கண்ணாடியை முந்தானையால் துடைப்பாங்க. காசிமேட்டில் என் விசைப்படகில் ஒருநாள் கடலுக்கு வரணும், பார்த்துத்தான் எழுதணும் என்று கேட்டாங்க.

"பொம்பளைங்க ஏறக்கூடாதும்மா, அம்மன் கோச்சிக்கும்" என்றேன்.

அவங்க சண்டை போடவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, படகில் எழுதியிருந்த பெயரைத் தடவினாங்க. "இது யாருங்க?"

"என் பொண்ணும்மா."

"இவ ஏறியிருக்காளா?"

"அது எப்டிம்மா ஏறும்?"

"ஆம்பளைங்க எழுதின கதையிலயும் எங்களை இப்படித்தான் வெச்சாங்கய்யா. பேரு மேல இருக்கும், உள்ளே நாங்க இருக்க மாட்டோம். அதனாலதான் நானே எழுத உட்கார்ந்தேன்."

அவங்க போயிட்டாங்க. கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தப் பெயருக்குக் கற்பூரம் காட்டுவேன். இப்போ கை கொஞ்சம் நிற்குது. வேணாம்னு சொன்னது அம்மனா, நானா? தாயே, தெரியலையே.