ஊசி குத்தாத கையால் நிரல் எழுதக் கற்றேன்

செருப்பு வாரின் தடம் காலில் பதிந்து, மறுநாள் காலை வரை மறையாமல் கிடந்தது. அதுதான் முதல் அறிகுறி. எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலில் லஸ்கராக (மதகுகளைத் திறந்து மூடி, அளவு பார்த்துத் தண்ணீர் விடும் பணியாளர்) இருந்தேன். நாள் முழுவதும் ஈரத்தில் நிற்பவனுக்குக் கால் வீங்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. வாயில் எப்போதும் இரும்பை நக்கியது போல ஒரு ருசி. ஒரு நாள் மதகுச் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் மூச்சு வாங்கி, கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி வசந்தா மறுநாளே தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள்.

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) மிக அதிகமாக இருந்தது. பல வருடங்களாகக் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு இரண்டு சிறுநீரகங்களையும் சுருக்கிவிட்டது என்றார் மருத்துவர். இதயமும் பலவீனமாக இருந்ததால் மாற்று அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பில்லை. வாரம் மூன்று நாள், நாளைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் சிகிச்சை).

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"எப்பவும்தாங்க" என்றார் அவர். மறைக்காமல் சொன்னதற்கு இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்து ஊசி குத்த ஏதுவாக்கும் சிறு அறுவை) செய்தார்கள். அந்தக் கையை நாலு மணி நேரமும் அசைக்கக் கூடாது. மீதி நேரம் எவ்வளவு என்று இயந்திரத்தின் திரை காட்டிக்கொண்டே இருக்கும். முதல் நாலைந்து மாதம் அதைப் பார்ப்பது மட்டுமே என் வேலையாக இருந்தது. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அந்தத் திரையைத் தெரிந்திருக்கும்.

வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். சாக்குச் சொல்லி இரண்டு முறை சிகிச்சைக்குப் போகாமல் இருந்தேன். ஒரு காலை, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வசந்தாவிடம் சொன்னேன். அவள் எனக்குப் போர்வை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "அதை டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க. எங்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். போர்வையைப் பைக்குள் வைத்து, பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அன்றைக்குப் போனேன்.

என் பக்கத்துப் படுக்கைக்கு ஸ்டெல்லா வந்தது அந்த மாதத்தில்தான். நாகப்பட்டினத்துக்காரர், முப்பத்தெட்டு வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவர். சிறுநீரகம் கெட்ட பிறகு தஞ்சாவூரில் அக்கா வீட்டில் தங்கி, வேலையை அங்கிருந்தே செய்தார். ஊசி குத்தியதும் மடிக்கணினியைத் திறந்து ஒரு கையால் தட்டத் தொடங்கிவிடுவார். நான் எட்டிப் பார்ப்பது தெரிந்தும் மறைக்கமாட்டார்.

ஒரு நாள் கேட்டேன். "அதுல என்னம்மா எழுதுறீங்க?"

"கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதுறேண்ணே. இப்படி இருந்தா இதைச் செய், இல்லாட்டி அதைச் செய். அவ்வளவுதான்."

"தண்ணி இந்த மட்டத்துக்கு வந்தா ஷட்டரை இறக்கு, இல்லன்னா விட்டு வைன்னு எங்களுக்கும் உத்தரவு வரும்."

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க போன்ல எழுதிப் பாக்குறீங்களா?"

சிரித்துவிட்டேன். பத்தாம் வகுப்பு, அதுவும் தமிழ்வழி. சிகிச்சை முடிந்த நாளில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே எனக்கு மறந்துபோகும். அதையெல்லாம் சொன்னேன். "மறந்தா மறுபடி பாத்துக்கலாம். நானும் பாத்துத்தான் எழுதுறேன்" என்றார்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் (கணினிக்கான உத்தரவுகளை எழுதும் மொழி) வணக்கம் என்ற சொல்லைத் திரையில் காட்டவைப்பதுதான் முதல் பாடம். ஒரே ஒரு வரி. அதற்கு எனக்கு இரண்டு சிகிச்சை நாள் ஆயிற்று. வரியின் முதல் எழுத்தைக் கைப்பேசி தானாகவே பெரிய எழுத்தாக மாற்றிக்கொண்டிருந்தது. நிரல்மொழிக்கோ சின்ன எழுத்துதான் வேண்டும். எது தப்பென்று தெரியாமல் வலது கட்டைவிரலால் அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவும் உடனே சொல்லிவிடவில்லை. வணக்கம் வந்தபோது, தேவி (எங்கள் இயந்திரங்களைக் கவனிக்கும் டெக்னீசியன்) இரத்த அழுத்தம் பார்க்க வந்து, "என்ன சார், கூடியிருக்கே" என்றார்.

எண்களை வைத்துக்கொள்ளும் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போயிற்று. என் முதல் சொந்த நிரலில் இருந்த பெயர் 'மிச்சம்'. சிறுநீர் சரியாகப் பிரியாததால் மருத்துவர் எனக்கு அனுமதித்திருந்த தண்ணீர் நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி. காபி, ரசம், மாத்திரைத் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். குடிக்கும்போதெல்லாம் அளவைத் தட்டினால் மிச்சம் எவ்வளவு என்று நிரல் சொல்லும். மூன்று வாரம் எழுதினேன். சித்திரை வெயிலில் அதுதான் எனக்குத் துணை. சாயங்காலம்கூட நானூறு மில்லி மிச்சம் என்று காட்டும். நிம்மதியாக இன்னொரு டம்ளர் குடிப்பேன்.

சனிக்கிழமை சிகிச்சைக்குப் பிறகு அடுத்தது செவ்வாய்க்கிழமை. திங்கள்கிழமை மாலை படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது, உட்கார்ந்தால் இருமல். வசந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆக்சிஜன் வைத்து அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். என் உலர் எடையைவிட (உடம்பில் அதிகப்படி நீர் இல்லாதபோது உள்ள எடை) நாலரைக் கிலோ கூடியிருந்தேன்.

மருத்துவர் காலையில் வந்து, எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று கேட்டார். கைப்பேசியைக் காட்டினேன்.

"இது என்னங்க?"

"நான் எழுதுன புரோகிராம் டாக்டர். மிச்சம் இருக்குன்னு சொல்லுச்சு."

"எடை பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"கால் வீங்கியிருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கால் சொன்னதை நம்பல. போன் சொன்னதை நம்பியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வசந்தா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த நிரலை அழித்துவிடச் சொன்னாள். அடுத்த சிகிச்சை நாளில் ஸ்டெல்லா என் கைப்பேசியை வாங்கி, நிரலை வரிவரியாகப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க இதை மூடிட்டுத் திறந்தா என்ன ஆகும்?"

யோசித்தேன். மூடித் திறக்கும்போதெல்லாம் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. காலையில் குடித்தது எதுவும் மாலையில் அதற்கு ஞாபகமில்லை. நான் அதற்கு ஞாபகம் வைக்கச் சொல்லவே இல்லை.

"இதை நான் முன்னாடியே பாத்திருக்கணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எழுதுனது நான்தானேம்மா" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வியாதி வந்ததிலிருந்து என் உடம்பில் நடந்த எதற்கும் காரணம் எனக்குப் பிடிபட்டதில்லை. இந்த ஒரு தப்பு மட்டும் எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததைத் திருத்தலாம்.

திருத்த ஒரு மாதம் ஆயிற்று. அளவுகளைக் கோப்பில் சேமிக்கக் கற்றேன். காலை எடையைத் தட்டினால்தான் நிரல் திறக்கும்படி செய்தேன். உலர் எடையைவிட இரண்டு கிலோ கூடினால், 'தண்ணீர் வேண்டாம், டாக்டரைக் கூப்பிடு' என்று காட்டும். மருத்துவரிடம் காட்டினேன். எடை பார்க்க வைக்கிறதே, அது நல்லது, ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள் என்றார். வசந்தாவும் ஒரு நிபந்தனை போட்டாள். காலையில் ஒரு பாட்டிலில் எழுநூற்றைம்பது மில்லி தண்ணீர் நிரப்பி வைப்பாள். நான் எதைக் குடித்தாலும் அதே அளவை அதிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவாள். இரவுச் சாப்பாட்டின்போது பாட்டிலும் கைப்பேசியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத நாளில் பாட்டில் சொல்வதுதான் செல்லும்.

ஐப்பசியில் ஸ்டெல்லாவுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அழைப்பு வந்தது. சென்னையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்டு. நன்றாக இருக்கிறார். சந்தோஷப்பட்டேன். பக்கத்துப் படுக்கையைப் பார்க்காமல் இருக்க ஒரு வாரம் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தேன். இரண்டும் உண்மை.

அதன்பிறகு யாரும் சொல்லித் தரவில்லை. பிழைச் செய்திகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்த்தேன். இப்போது எனக்கு அறுபது வயது. உறவுக்காரர்கள் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் செய்யலாம் என்றார்கள். அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று வீட்டிலேயே மாலை மாற்றிக்கொண்டோம்.

சமீபமாக முறைப் பாசனத்துக்கு (தண்ணீர் குறையும்போது ஊர்ஊராக முறை வைத்து விடுவது) ஒரு நிரல் எழுதிவருகிறேன். யாரும் கேட்கவில்லை, ஆசைக்குத்தான். என் வாய்க்காலில் ஏழு ஊர். எப்படி ஓட்டினாலும் ஆறு ஊருக்குத்தான் முறை வந்தது. விட்டுப்போனது, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊர். நிஜத்திலும் அந்த ஊர்க்காரர்கள்தான் என்னிடம் வந்து சண்டை போடுவார்கள். ஒன்றிலிருந்து ஏழு வரை என்று எழுதினால், இந்த மொழி ஏழுக்கு முன்னாலேயே நின்றுவிடும் என்பதைப் போன வியாழக்கிழமை கண்டுபிடித்தேன். யாரும் சொல்லாமல், நானாக.

அந்த நேரம் பார்த்துத் தேவி வந்தார். "முடிஞ்சுது சார். ரத்தத்தைத் திருப்பி விடப்போறேன்."

"அஞ்சு நிமிஷம் இரும்மா."

அவர் பதறிப்போய் என் கையையும் திரையையும் பார்த்தார். "என்ன சார் பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. ஏழை எட்டா மாத்தணும். அவ்வளவுதான்."

"எல்லாரும் அஞ்சு நிமிஷம் முன்னாடியே எடுத்துவிடச் சொல்லித்தான் கெஞ்சுவாங்க" என்றபடி, கையுறையை மாட்டிக்கொண்டு அருகில் நின்றார். நான் எண்ணை மாற்றி ஓட்டினேன். ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கின. ஏழாவதும் வந்தது.

"இப்ப எடுத்துடும்மா" என்று கையை நீட்டினேன்.