தீயணைப்பானுக்கு வைத்த சந்தனம்

இன்று மதியம் என் வெல்டிங் பட்டறையில் பொறி தெறித்து எண்ணெய்த் துணி பற்றிக்கொண்டது. ஒரு முழம் தள்ளி, பெயிண்டில் கலக்கும் தின்னர் டின். அம்பத்தூரில் எங்கள் வீட்டோடு ஒட்டிய கொட்டகை அது.

சுவரில் மாட்டியிருந்த, கவிழ்த்தால் பீய்ச்சும் பழைய சிவப்புத் தீயணைப்பானை எடுத்து, அதன் குமிழைத் தரையில் குத்திக் கவிழ்த்தேன். உள்ளே பொங்குகிற சத்தம் கேட்டது. வெளியே ஒரு சொட்டு வரவில்லை. கையில் அது அதிர்ந்தது.

“நைனா, வெடிச்சிடப் போவுது. அத்த தூக்கிப் போட்டுட்டு வெளிய வா” என்றாள் என் மகள் செல்வி.

கொல்லையில் வீசிவிட்டு ஓடினேன். அவள் நனைந்த கோணியை நெருப்பின்மேல் போட்டு மிதித்தாள். அணைந்தது.

அப்புறம்தான் கொல்லையில் கிடந்தது ‘டப்’ என்று அடைப்பைத் துப்பி, கொடியில் காய்ந்த என் வேட்டியை நனைத்தது. துப்பிய கட்டியைச் செல்வி எடுத்துப் பார்த்தாள். காய்ந்த சந்தனம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதன் மூக்கில் நான் அப்பியது.

“பொட்டு வைக்கத் தெரிஞ்சுது. ஒரு தபா மருந்து மாத்துனியா, நைனா?”

நாளைக்கே மாற்றுகிறேன். உங்களில் யாராவது இப்படிச் சந்தனம் அப்பியிருந்தால் உடனே சொல்லுங்கள். செல்வியிடம் காட்ட எனக்கு ஒரு துணை வேண்டும்.