வாசலோரத்துச் சிறு வீடு

நாங்கள் வாழும் இத்தாலிய நகரத்தின் பல்லரோ சந்தையில் இன்று ஒருவர் பழைய மேசைக்குத் தேன்மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசம் என்னை, இப்போது அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் அன்று இருந்த ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தின் மாளிகைக்குக் கொண்டுபோனது. மன்னாரிலிருந்து வந்த அம்மா அங்கேதான் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் அவர் மெழுகு பூசித் துடைத்த நீண்ட கூடத்தில், லண்டன் பாராளுமன்றத்தில் இருந்த அந்தக் குடும்பத்து அப்பனும் பாட்டனும் பூட்டனும் படங்களுக்குள்ளிருந்து முறைத்துக்கொண்டிருக்க, நான் காலுறையோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டு போவேன். நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் அந்த வீட்டு முதிய சீமாட்டி, படுக்கையிலிருந்தபடி அந்தச் சத்தம் கேட்டுச் சிரிப்பார். அவரைக் கடைசி நான்கு வருடங்களும் தூக்கிக் குளிப்பாட்டியது அம்மாதான்.

சிஞ்ஞோரா இறந்ததும் லண்டனிலிருந்து அவருடைய தம்பி மகன் வந்தார். அவரும் பாராளுமன்ற உறுப்பினர். எல்லாவற்றையும் விற்கப்போவதாகவும், நாங்கள் குடியிருந்த வாசலோரத்துச் சிறு வீட்டை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். அம்மா சட்டிபானைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

ஆனால் நொத்தாரிசு உயிலை வாசித்தபோது, அந்தச் சிறு வீடு அம்மாவுக்கு எழுதப்பட்டிருந்தது. நான் தமிழில் சொன்னதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"இன்னொருக்கா வாசிக்கச் சொல்லு, பிள்ளை."

நொத்தாரிசு இன்னொருமுறை வாசித்தார்.

மறுநாள் பின்னேரம் சிஞ்ஞோராவின் தம்பி மகன், மாளிகையில் இருந்த எங்கள் வீட்டு மறுசாவியைக் கொடுக்க எங்கள் வாசலுக்கு வந்தார்.

"என்ரை வீட்டுக்கு முதல்முதலா வந்திருக்கிறார். உள்ளை வரச் சொல்லு, தேத்தண்ணி ஊத்துறன்" என்றார் அம்மா.

நான் சொன்னேன். அவ்வளவு உயரமான மனிதர், தலை குனிந்து எங்கள் வீட்டுக்குள் வந்தார்.