இடது பின்விளக்கு எரியவில்லை என்று கார் சொன்னது

எங்கள் கார் பேசும். வாய் விட்டு அல்ல. ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகையில் மஞ்சளாக ஒரு பல்பு படம் தோன்றும், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி, கூடவே 'டிங்' என்று ஒரு சத்தம். பின்விளக்கு எரியவில்லை என்று அர்த்தம். பதினாறு வயதான வெளிநாட்டுக் கார் அது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் ஓட்டி அலுத்து எங்களிடம் தள்ளிவிட்டது. "பல்பு போனால் இதுவே சொல்லும் சார்" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது நானும் பெருமையாகத் தலையாட்டினேன். சொன்னதையே தினமும் சொல்லும் என்று அவர் சொல்லவில்லை.

எனக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் தினமும் காரை ஓட்டுவது என் மனைவி. பங்காருபேட்டையில் ஆசிரியை. நாங்கள் இருக்கும் சாம்பியன் ரீப்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே பாடம் நடத்தி, நின்றுகொண்டே திரும்பி வந்தவள், ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். லைசென்ஸ் வந்த அன்று கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால்கூட அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

ஊரெல்லாம் விளக்கு ஏற்றுகிற கார்த்திகை மாதத்தில்தான் எங்கள் கார் முதல் டிங் போட்டது.

"மெக்கானிக் யார்கிட்டயாவது காட்டலாங்க" என்றாள்.

"மெக்கானிக்கா? வீட்லயே எலெக்ட்ரீஷியன் இருக்கறப்பவா?"

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், அதை மூடும்வரை, பூமிக்கு அடியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். அடுக்கடுக்காகக் கீழே இறங்கிய ஒவ்வொரு லெவலிலும் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவனுக்கு ஒரு கார் பல்பு எம்மாத்திரம்? டிக்கியைத் திறந்து, மூடியைக் கழற்றி, பல்பை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி கறுத்து, உள்ளே இழை அறுந்திருந்தது. புதிய பல்பு போட்டேன். எரிந்தது. மூளையுள்ள எவனும் அத்தோடு டிக்கியை மூடியிருப்பான்.

சுரங்கத்துக்குள் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே பாறையிலிருந்து ராப்பகலாகத் தண்ணீர் சொட்டும். வெறும் உலோகத்தை அப்படியே விட்டால் ஒரே வாரத்தில் பச்சையாகப் பூத்துவிடும். அதனால் எதைக் கழற்றி மாட்டினாலும் சுரண்டு, துடை, சிவப்பு வார்னிஷ் பூசு. சிவப்பு தெரியவில்லையென்றால் வேலை முடியவில்லை என்பான் ஃபோர்மேன். சுரங்கம் மூடினாலும் என் டப்பா மூடவில்லை. எங்கள் வீட்டு காலிங்பெல், மோட்டார் பெட்டி, மிக்ஸியின் அடித்திருகு எல்லாம் சிவப்பாகத்தான் இருக்கும். டிபன் கேரியரின் கைப்பிடித் திருகுக்கும் ஒரு பொட்டு வைத்ததற்கு இரண்டு நாள் எனக்குச் சாம்பார் கிடைக்கவில்லை.

அன்று விளக்குக்குப் பக்கத்தில், காரின் தகட்டில், ஒரு போல்ட் துரு ஏறி இருந்தது. கறுப்பு ஒயர் ஒன்றின் வளையத்தை அது பிடித்துக்கொண்டிருந்தது. விடுவேனா? கழற்றினேன். உப்புத்தாள் போட்டு வெள்ளிபோல மின்ன வைத்தேன். தகட்டுக்கு இரண்டு கோட்டு, வளையத்துக்கு இரண்டு கோட்டு, சிவப்பு வார்னிஷ். காய்ந்த பிறகு இறுக்கி முடுக்கினேன். மின்சாரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தை இரண்டாம் முறை படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் டிங்.

பல்பை மாற்றினேன், போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி டிங். மாற்றினேன், போய்விட்டது. எரியும், அணையும், நான் கையை வைத்தால் எரியும். கைராசி என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாம் வாரம் பல்பு போலி என்று ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். மூன்றாம் வாரம் சயனைட் மேட்டைப் பிடித்தேன். தங்கம் எடுத்து முடித்த மண்ணை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்களே, அந்தத் தூசு காற்றில் பறந்து விளக்குக்குள் புகுந்துவிடுகிறது என்று மனைவியிடம் விளக்கினேன். ஏழு பல்பு வரைக்கும் இந்த விளக்கம் தாங்கியது.

எதிர்வீட்டுக்காரர் என்னோடு ஒரே கேஜில், அதாவது கூண்டு லிஃப்டில், சுரங்கத்துக்கு இறங்கியவர். காலையில் பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு வாசலுக்கு வருவார். டிக்கிக்குள் தலையை விட்டிருக்கும் என் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் அவர் பொழுது விடியும்.

"இன்னா மச்சான், இன்னிக்கும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டா? எத்தினி லெவல் இறங்கிட்ட?"

"சும்மா இருப்பா, வேல நடக்குது."

"நடக்கட்டும், நடக்கட்டும். தங்கம் கெடச்சா பாதி எனுக்கு."

காருக்கும் கிண்டல் பழகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் கூடவே மங்கலாக எரிந்தது. நேராகப் போய் நிற்கிற வண்டி, இடதுபக்கம் திரும்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. நான் டிக்கியை ஓங்கிச் சாத்தினேன். பளிச்சென்று எல்லாம் எரிந்தது. கை வலித்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சுண்டுவிரல் நகமளவு வெட்டி, பலகையில் மஞ்சள் படம் தோன்றும் இடத்தில் ஒட்டினேன். ரேடியோவின் சத்தத்தையும் கூட்டி வைத்தேன், டிங் கேட்காமல் இருக்க.

"சரியாப்பூடுச்சு" என்றேன் மனைவியிடம்.

"நெஜமாவா?" என்றாள். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை இன்று நினைத்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான்கு நாள் கழித்து மார்கழிப் பனி. பத்தடிக்கு முன்னால் எருமை நின்றாலும் தெரியாது. பங்காருபேட்டை ரோட்டில் அவள் போய்க்கொண்டிருக்கையில் பின்னால் டயர் கிறீச்சிடும் சத்தம். ஒரு பால் வண்டி, காரை முட்டாமல் கடைசி நொடியில் ஒடித்து, பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "மேடம், ஹிந்தே லைட்டே இல்ல!" என்று கன்னடத்தில் கத்தியிருக்கிறார். பின்னால் விளக்கே இல்லையாம். வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்திருக்கிறாள். இடதுபக்கம் இருட்டு. வலதுபக்கம் மட்டும் எரிந்தது. பனியில் அதைப் பார்த்தால் மோட்டார் சைக்கிள் என்றுதான் தோன்றும். திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்து, ரேடியோவை நிறுத்தினாள். டிங். படம் எங்கே என்று தேடியபோது டேப் கைக்கு அகப்பட்டது.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையைத் திறந்தாள். அந்தத் துண்டு டேப்பை எடுத்து, என் மூக்குக் கண்ணாடியின் இடதுபக்கத்தில், நட்டநடுவில் ஒட்டினாள்.

"இப்ப இன்னா தெரியுது? ஒரு ஃபால்ட்டும் தெரியலை இல்ல?"

 ஒரு கண்ணால் அவளைப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது.

"நாளைலருந்து நான் பஸ்லயே போறேன். வண்டிய இன்னா வேணா பண்ணிக்கங்க."

சாவியை ஆணியில் மாட்டினாள். இந்த முறை நின்று பார்க்கவில்லை.

மறுநாள் அவள் பஸ்ஸுக்குப் போன கையோடு காரை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை செய்கிறவரிடம் போனேன். முப்பது வயதிருக்கும். நான் ஒரு மாதமாக அவர் கடைக்கு எதிர்ச்சாரியில் நடந்துபோனவன், தேவைப்படாது என்ற திமிரில். அவர் நான் கழற்றி வைத்திருந்து கொடுத்த ஏழு பல்புகளையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். முதலாவது தவிர ஆறும் எரிந்தன. பிறகு டிக்கிக்குள் குனிந்தவர் சிரித்தார்.

"ணா, இத யாருணா பண்ணது?"

"ஏன்?"

"எர்த்துக்கு எவனோ புண்ணியவான் வார்னிஷ் அடிச்சி வச்சிக்கிறான். கரெண்டு பல்புக்குப் போனா திரும்பி வர வழி இந்தத் தகடுதான். அதுல செவுரு எழுப்பிட்டான். போல்ட்டு மரையில எங்கயோ ஒரு ஓரம் ஒட்டிக்கினு வண்டி ஓடியிருக்குது. குழில எறங்கனா விட்டுப்பூடும், கை வச்சி ஆட்டுனா ஒட்டிக்கும்."

"இப்பல்லாம் அரைகுறை ஆளுங்க ஜாஸ்தி" என்றேன்.

"கரெக்ட்டுணா. இவன் கையில கெடச்சா ரெண்டு கேள்வி கேக்கணும்."

நானும் ஆமாம் போட்டேன். ஒரு பிளேடால் சுரண்டி, போல்ட்டை முடுக்கினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. வருகிற வழியில் ஒவ்வொரு குழியிலும் வேண்டுமென்றே இறக்கினேன். டிங் இல்லை. அழுகை வருகிற மாதிரி ஒரு கோபம் வந்தது. யார்மேல் என்று தேடினால் காருக்குள் நான் ஒருவன்தான் இருந்தேன்.

அவள் வந்தபோது பஸ் கூட்டத்தில் சேலைக் கொசுவம் கசங்கி, செருப்பு வார் அறுந்திருந்தது.

"வண்டி சரியாயிடுச்சு" என்றேன்.

"இன்னா ஃபால்ட்டு?"

சயனைட் மேடு என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அறுந்த செருப்பைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றேன். வார்னிஷ் கதையை முழுக்கச் சொன்னேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகவே கொஞ்சம் நடித்தும் காட்டினேன். சிரிக்கவில்லை.

"ஏழு பல்பு மாத்துனீங்களே, ஒருவாட்டி கூடவா நம்ம கை தப்பா இருக்குமோன்னு தோணலை?"

"தோணுச்சு. அப்பதான் டேப் ஒட்டினேன்."

 அவள் செருப்பை ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலை சாவியை எடுத்தாள்.  காரை ஸ்டார்ட் செய்து, என்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னாள். விளக்கைப் போட்டாள். பிரேக்கை மிதித்தாள்.

"எரியுதா?"

"எரியுது. ரெண்டும் ஜோரா எரியுது."

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எதிர்வீட்டு வாசலில் பிரஷ்ஷும் நுரையுமாக நின்றவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் பாத்து சொல்லுங்க. எரியுதா?"

அவர் நுரையைத் துப்பிவிட்டு, காரின் பின்னால் வந்து, குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்த கையோடு என்னையும் பார்த்தார்.

"எரியுதும்மா" என்றார்.

கார் கிளம்பிப் போனது.