நான் கொடுக்காத நன்கொடை

பாளையங்கோட்டையில் ஆறு தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். என் வருமான வரிக் கணக்கை ஒரு கன்சல்டன்ட் தாக்கல் செய்துவந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், மரியாதையானவர். நூல், பட்டன், கரண்டு, கடை வாடகை என்று பில்களைப் பை நிறையக் கொண்டுபோனால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

"அதெல்லாம் எதுக்குக்கா? நான் பாத்துக்கிடுதேன். இந்தத் தடவை ரீஃபண்டு வரும்."

வந்தது. பள்ளிக்கூடங்கள் எனக்குப் பணம் தரும்போது பிடித்துக்கொண்ட வரியில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அதில் ஒரு பங்கை அவர் கூலியாக எடுத்துக்கொண்டார். பில்லே பார்க்காமல் எதைக் கழித்தார் என்று மனசு உறுத்தியது. ஆனால் அதற்குள் ஏழாவது மிஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். கேட்கவில்லை.

பிறகு ஒருநாள், கணக்கில் காட்டிய வரிக்கழிவைச் சரிபார்க்கச் சொல்லி வரித்துறையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. முதலில் அதையே ஏமாற்று வேலை என்று நினைத்து அவரிடம் போனில் சொன்னேன்.

"எல்லாருக்கும் வருதுக்கா. கண்டுக்கிடாதீய."

செய்தியில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கணக்கின் நகலைக் கேட்டேன். இன்று, நாளை என்று ஒரு வாரம் இழுத்தார். நானே நெட் சென்டருக்குப் போய், வரித்துறை இணையதளத்தில் பாஸ்வேர்டை மாற்றி, பிரிண்ட் எடுத்தேன். பட்டன் வாங்கிய செலவு இல்லை. கடை வாடகை இல்லை. ஏதோ ஓர் அறக்கட்டளைக்கு நான் நன்கொடை கொடுத்ததாக இருந்தது. என் தையல்காரப் பெண்கள் அத்தனை பேருக்கும் இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கலாம், அவ்வளவு தொகை. முகவரி பாபநாசம் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கதவு எண்ணைத் தேடிப் போனால், வாய்க்காலை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. போர்டு எதுவும் இல்லை. வெளியே வந்தவர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். என் கையிலிருந்த தாளைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கினார்.

"ஆபீசுல இருந்து வாரீயளாம்மா?"

"இல்ல அண்ணாச்சி, தையக்கடை வச்சிருக்கேன். இங்கன ஏதும் அறக்கட்டளை இருக்கா?"

"அப்படி ஒண்ணும் கெடையாதே." சற்று யோசித்தார். "ரெண்டு பேரு வந்தானுவ. கவர்மெண்டுல வீடு ஒதுக்குதாவ, கையெழுத்துப் போடும்னானுவ. நாலஞ்சு தாள்ல போட்டேன். வீடும் வரல, அவனுவளும் வரல." அந்தத் தாள்களை வைத்துத்தான் அவர் முகவரியில் அறக்கட்டளை முளைத்திருக்க வேண்டும்.

உள்ளே இருந்து அவர் மனைவி, "யாரா இருந்தாலும் அனுப்பிவிடுங்க," என்றார். என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று புரிந்தது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மறுநாள் கன்சல்டன்ட்டை நேரில் பிடித்தேன். அவர் மறுக்கவில்லை.

"லாபம் உங்களுக்குத்தானக்கா?"

பணம் என் வங்கிக் கணக்கில்தானே விழுந்தது.

புதிதாக ஓர் ஆடிட்டர் அம்மாவிடம் போனேன். பில் பையை மேஜையில் கொட்டச் சொல்லி, ஊசி வாங்கிய சீட்டு வரை பார்த்தார். உண்மையான செலவுகளைக் கழித்துத் திருத்திய கணக்குப் போட்டபோது, கட்டவேண்டிய வரி நான் பயந்த அளவு இல்லை. வட்டியோடு கட்டினேன். அதற்காக ஏழாவது மிஷினை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

கன்சல்டன்ட் மீது வரித்துறைக்குப் புகார் எழுதினேன். பெரியவரும் கையெழுத்துப் போட்டால் வலுவாக இருக்குமே என்று மறுபடி பாபநாசம் போனேன். புகாரை முழுவதும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பேனாவை நீட்டியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க நல்லவுகளாத்தான் இருப்பீய தாயி. ஆனா இனிமே எதுலயும் நான் கையெழுத்துப் போடுததா இல்ல."

வற்புறுத்தவில்லை. என் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பினேன்.